கடைமடையும் பறக்கும் ரயிலும்

பேராவூரணியில் பிறந்து, பிழைப்பின் பொருட்டுச் சென்னை வேளச்சேரியில் குடியேறிய சில குடும்பங்கள் நாங்கள். எங்களுக்கு இரண்டு ரயில்கள். ஒன்று ஊரில் இருப்பது; திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே தென்னந்தோப்புகளையும் வயல்களையும் கடந்து செல்வது. மற்றது இங்கிருப்பது, கடற்கரை நிலையத்திலிருந்து பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின் மேல் வருவது. பறக்கும் ரயில் என்று ஊர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. முன்னதில் ஆண்டுக்கு இரண்டு முறை போகிறோம், பின்னதில் அன்றாடம்.

இந்த இரண்டாவது ரயில் கைமாறப்போகிறது என்ற பேச்சு பல ஆண்டுகளாகவே உண்டு. தெற்கு ரயில்வேயிடமிருந்து அதைச் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் ஏற்றுக்கொள்ள, 2025-ஆம் ஆண்டு ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. நாளிதழில் அச்செய்தியைப் படித்தபோது எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. எவர் ஓட்டினால் என்ன, எட்டரை மணிக்கு வந்தால் சரி என்று மடித்து வைத்துவிட்டோம்.

அச்செய்தியை மறுபடியும் எடுத்துப் பார்க்க வைத்தவர் ஒரு மூதாட்டி. தரமணியில் ஏறி மந்தைவெளியில் இறங்குபவர். கையில் ஒரு தூக்கு, இடுப்பில் ஒரு சுருக்குப்பை. அந்தச் சுருக்குப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த சீசன் டிக்கெட். மந்தைவெளியில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். ஒருநாள் காலை எங்களிடம் கேட்டார்.

“ஏம்பா, இந்த ரயில மெட்ரோக்காரங்க எடுத்துக்கப் போறாங்களாமே? அப்போ இந்த சீசன் செல்லுமா?”

செல்லும் என்று சொல்ல எங்களுக்கு ஆதாரம் இல்லை. செல்லாது என்று சொல்ல மனம் இல்லை. “இப்போதைக்கு ஒண்ணும் மாறாதும்மா” என்றோம். அவர் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. யாரிடம் கேட்டால் தெரியும் என்று அடுத்துக் கேட்டார். அதற்கும் எங்களிடம் விடை இல்லை.

அந்த இரண்டாவது கேள்விதான் எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பியது. ஏனெனில் அது எங்கள் ஊரின் கேள்வி.

*

எங்கள் ஊர் ரயிலின் கதையை இன்றைய இளைஞர்களுள் பெரும்பாலோர் அறிய மாட்டார்கள். இந்தியாவின் ரயில்பாதைகளை வெள்ளைக்காரக் கம்பெனிகள் போட்டன, பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்றுதான் நாம் பொதுவாகப் படிக்கிறோம். எங்கள் பாதை அப்படி வந்ததன்று. அது தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்ட பாதை. சாலையும் சத்திரமும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பார்த்துக்கொண்டிருந்த உள்ளாட்சி அமைப்பு ஒன்று, நிலத்தின் மீது ஒரு சிறு வரியைக் கூடுதலாக விதித்து, அந்தப் பணத்தில் ரயில் விட்டது. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரையில் 1894-இல் ரயில் ஓடியது. 1902-இல் பட்டுக்கோட்டைக்கு வந்தது. 1903 முடிகிற தறுவாயில் பேராவூரணியைத் தொட்டு அறந்தாங்கிக்குச் சென்றது. அங்கிருந்து காரைக்குடி வரை நீண்டது சுதந்திரத்துக்குப் பிறகுதான்.

இதில் வியப்பான ஒன்று உண்டு. எங்கள் பகுதிக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த கல்லணைக் கால்வாய், நாங்கள் புதாறு என்று சொல்வது, மேட்டூர் அணையோடு சேர்ந்து 1930-களில் வந்தது. அதாவது ஆறு வருவதற்கு ஒரு தலைமுறை முன்பே ரயில் வந்துவிட்டது. வானம் பார்த்த பூமியாக இருந்த காலத்திலேயே எங்கள் முன்னோர் ரயிலுக்கு வரி கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் பெரியப்பா ஒருவர் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு வந்துவிடும். “கவர்மெண்டு போட்ட ரயிலா இது? நம்ம ஜில்லா போர்டு போட்டது தம்பி. தீர்வையோட சேர்த்து எங்க பாட்டன் கட்டியிருக்காரு. டிக்கெட் எடுக்குறதே ஒரு மரியாதைக்குத்தான்” என்பார். மரியாதைக்கு எடுத்த டிக்கெட்டை வீடு வந்து சேரும்வரை சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருப்பார் என்பது வேறு விஷயம்.

பெரியப்பாவின் பெருமிதத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. ஜில்லா போர்டு என்பது ஊரார் எல்லோரும் கூடி அமைத்த சபையன்று. அன்றைக்கு அதில் கலெக்டரும் பெரிய மிராசுதார்களும்தான் இருந்தார்கள். வரியை மிராசுதார் கட்டினார் என்றால், அவருக்கு நெல்லை அளந்தவன் குத்தகைக்காரன்; குத்தகைக்காரனுக்கு உழைத்தவன் பண்ணையாள். பாதைக்கான பணம் கடைசியில் யார் முதுகிலிருந்து வந்தது என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அவனுக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்புப் பெட்டி, அதுவும் கூலி கையில் இருந்த நாளில்.

இன்னொன்றும் உண்டு. பாதை போர்டுடையது, ஆனால் அதில் ரயிலை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. சொந்தக்காரன் ஒருவன், ஓட்டுகிறவன் வேறொருவன். குத்தகைக்கு விட்ட நிலம் போலத்தான். எனினும் நிலத்துக்குரியவன் பக்கத்து ஊரில் இருந்தான். குறை என்று ஒன்று இருந்தால் தஞ்சாவூருக்குப் போய்ச் சொல்லிவிட்டு அன்று இரவே திரும்பலாம்.

பிறகு காலம் அந்தப் பாதையைப் படிப்படியாக மேலே எடுத்துச் சென்றது. தென்னிந்திய ரயில்வே 1944-இல் அரசின் வசமானது. 1951-இல் தெற்கு ரயில்வே உருவாயிற்று. ஜில்லா போர்டுகளே பின்னர் கலைக்கப்பட்டன. எங்கள் பாதையும் அகில இந்திய வலையின் ஒரு நூலாயிற்று. அதனால் நன்மை இல்லாமல் இல்லை. சென்னையிலிருந்து கம்பன் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊர் வழியாக வந்தது அந்த ஏற்பாட்டினால்தான். எங்களில் பலர் முதன்முதலாகச் சென்னையைப் பார்த்தது அதில் ஏறித்தான். ஒரு ஜில்லா போர்டால் அதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் அந்தக் கைமாற்றத்தில் எங்களிடமிருந்து ஏதோ ஒன்று நழுவிற்று. அது நழுவியது அப்போது தெரியவில்லை. 2012-இல்தான் தெரிந்தது.

*

அந்த ஆண்டு அகலப்பாதைப் பணிக்காக எங்கள் மீட்டர் கேஜ் பாதை மூடப்பட்டது. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு 1,676 மில்லிமீட்டர் அகலத்துக்குப் போடவேண்டும். தேவையான வேலைதான். நாடெங்கும் நடந்த வேலை. ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும் என்று எல்லோரும் எண்ணினோம். காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வரை மறுபடி ரயில் வந்தது 2018-இல். பட்டுக்கோட்டையிலிருந்து திருவாரூர் வரை வந்தது 2019-இல். இடைப்பட்ட காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை உயர்நிலைப்பள்ளிக்கே போய்விட்டது.

அந்த ஆண்டுகளில் எங்கள் வட்டாரத்தில் எழுதப்பட்ட மனுக்களை அடுக்கினால் பாதைக்கு ஜல்லி போட்டிருக்கலாம் என்று ஊரில் கேலி செய்வார்கள். ரயில் பயணிகள் சங்கம், வணிகர் சங்கம், கட்சிகள் என்று யாரும் சும்மா இருக்கவில்லை. குறை மனுவில் இல்லை. மனு போய்ச் சேருகிற இடம் எங்கள் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருந்தது. எங்கள் முன்னோர் வரி கட்டியவர்கள். நாங்கள் மனு எழுதுகிறவர்கள். உடையவன் என்ற நிலையிலிருந்து வேண்டுபவன் என்ற நிலைக்கு ஊர் இறங்கியதைக் கைமாற்றத்தின் எந்தப் பத்திரமும் எழுதிவைக்கவில்லை.

ஆற்றுப் பாசனத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து, புதாற்றில் இறங்கி, வழியில் உள்ளவர்கள் எல்லாம் பாய்ச்சியது போக மிச்சம்தான் எங்களுக்கு. சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. இருந்தாலும் மடையைத் திறக்கும் லஸ்கர் யார், எந்த ஊர், எந்த நேரத்தில் எந்த டீக்கடையில் இருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். “என்ன லஸ்கர்வாள், இன்னிக்கு முறை நம்மளுதாச்சே” என்று போய் நிற்கலாம். அவர் தண்ணீர் விடுவார், அல்லது இன்ன காரணத்தால் விட முடியாது என்பார். சண்டை வரும். அந்தச் சண்டையே ஒரு பதில்தான். ரயிலுக்கு அப்படி ஒரு லஸ்கர் எங்களுக்கு இல்லை.

விசித்திரம் என்னவென்றால், 2019-இல் ரயில் திரும்பி வந்தபோது கொஞ்ச காலத்துக்கு அப்படி ஒருவர் எங்களுக்குக் கிடைத்தார். பாதை தயாராகிவிட்டது, வழிநெடுக உள்ள லெவல் கிராசிங்குகளுக்குக் கேட் கீப்பர்கள் போதவில்லை. ஆகவே அவர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட் வந்ததும் ரயில் நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கி கேட்டை மூடுவார். ரயில் மெல்லக் கடந்து மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். ஏறத்தாழ 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. செய்தித்தாள்களில் நகைப்புக்குரிய செய்தியாக வந்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் அதில் பயணம் செய்த ஒருநாள், சன்னலோரம் இருந்த எங்கள் சித்தி, கேட்டை மூட இறங்கியவரைப் பார்த்து, “ஏன் தம்பி, இது எப்பத்தான் வேகமாப் போகும்?” என்று கேட்டார். அவர் சங்கிலியைக் கொக்கியில் மாட்டியபடியே, “கேட்டுக்கு ஆள் போட்டதும் போகும்மா” என்றார்.

அத்தனை ஆண்டு மனுக்களுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு நேரில் கிடைத்த பதில் அது ஒன்றுதான். பின்னர் ஆள் போட்டார்கள், வேகமாகவும் போயிற்று. 2023 ஏப்ரலில் தாம்பரம்–செங்கோட்டை விரைவு ரயிலும் இவ்வழியே ஓடத் தொடங்கியது.

*

இந்தக் கதையோடு பறக்கும் ரயிலுக்கு வருவோம்.

கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இல் தொடங்கி, 1997-இல் மயிலாப்பூருக்கும், 2004-இல் திருவான்மியூருக்கும், 2007-இல் வேளச்சேரிக்கும் அது வந்தது. 19 கிலோமீட்டர்ப் பாதைக்குப் 12 ஆண்டுகள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு மிச்சமிருந்த 5 கிலோமீட்டரில், ஆதம்பாக்கம் அருகே ஏறத்தாழ 500 மீட்டர் நிலம் தொடர்பான வழக்குகளால் வேலை பத்தாண்டுக்கு மேல் நின்றுபோயிற்று. கடற்கரை–எழும்பூர் நான்காம் பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. கடைமடைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

நாங்கள் வெகுகாலம் அறியாமல் இருந்தது வேறொன்று. மயிலாப்பூருக்குத் தெற்கே வந்த இரண்டாம் கட்டத்துக்கான செலவில் மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசுடையது. ரயில்வேயின் பங்கு மூன்றில் ஒன்று. ஆக, பெரும்பகுதிப் பணம் தமிழ்நாட்டின் வரிப்பணம், ஓட்டுவது ரயில்வே. ஜில்லா போர்டின் பழைய ஏற்பாடுதான் நூறாண்டு கழித்துத் தூண் மேல் ஏறியிருக்கிறது. பேராவூரணியில் உரம் வாங்கியவரும் சிமெண்டு வாங்கியவரும் கட்டிய வரியில் ஒரு துளி தரமணி நிலையத்தின் தூணில் இருக்கிறது. அந்த மூதாட்டி அதன் நிழலில் நிற்கிறார். பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டு இங்கும் மரியாதைக்கு ஒரு டிக்கெட் எடுத்திருப்பார்.

எனவே கைமாற்றம் என்ற எண்ணம் எங்களுக்கு உவப்பானதுதான். நகரத்தின் பேருந்து ஒருவரிடம், மெட்ரோ ஒருவரிடம், பறக்கும் ரயில் இன்னொருவரிடம் என்று இருந்தால், மூவரும் தத்தம் எல்லையில் நின்றுகொண்டு அடுத்தவரைக் காட்டுவார்கள். இதைச் சரிசெய்யத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துக்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2019-இல். ஆணையத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. 2025 செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் ‘சென்னை ஒன்று’ செயலி வெளியாயிற்று.

வெளியுலகில் இப்படிப்பட்ட கைமாற்றம் நன்றாக நடந்ததற்கு லண்டனைச் சொல்வார்கள். தனியார் நிறுவனம் நடத்திவந்த சில புறநகர்ப் பாதைகளை 2007 நவம்பரில் அந்நகரின் போக்குவரத்து அமைப்பு ஏற்று, லண்டன் ஓவர்கிரவுண்ட் என்று பெயரிட்டது. முதல் ரயில் முதல் கடைசி ரயில் வரை ஒவ்வொரு நிலையத்திலும் பணியாளர் ஒருவர் இருக்கவேண்டும் என்பதை அது தொடக்கத்திலேயே கடைப்பிடித்தது. நிலையங்கள் துலங்கின, புதிய வண்டிகள் வந்தன, பயணிகள் பெருகினர். எங்களைக் கவர்ந்தது அந்தப் பணியாளர்தான். லண்டன்காரர்களும் தமக்கு ஒரு லஸ்கரை வைத்துக்கொண்டார்கள் என்றே எங்களுக்குப் பட்டது.

பறக்கும் ரயில் நிலையங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கடைகளும் அலுவலகங்களும் வரும் என்ற எண்ணத்தில் மிகப்பெரிதாகக் கட்டப்பட்டவை. மேல்தளங்களில் பல வெறுமையாகவே கிடந்தன. அவ்வளவு பெரிய மண்டபத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தனியாக இறங்கும் பெண்ணுக்கு வேண்டியது ஒரு விளக்கும் ஒரு மனிதரும். மெட்ரோ நிலையங்களில் இவ்விரண்டும் இருப்பதை எல்லோரும் அறிவோம். கைமாறினால் இது இங்கும் வரும் என்று நம்ப இடமிருக்கிறது.

ஆனால் மெட்ரோவில் இன்னொன்றும் இருக்கிறது, அது கட்டணம். ரயில்வேயின் கீழ் பறக்கும் ரயிலில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் போய்வந்தோம். மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், மிகுந்தது 50. அதுவும் 70 ரூபாயாக இருந்து 2021-இல் குறைக்கப்பட்டது. ஐந்தும் பத்தும் வாங்கி ரயில் ஓட்டினால் நட்டம்தான் வரும் என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. நட்டத்தை யாராவது தாங்கவேண்டும். அதைத் தாங்குவது அரசா, தூக்கு ஏந்தியவரா என்பதுதான் கேள்வி. மூன்று வீட்டு வேலையில் பிழைப்பவருக்கு, நாளொன்றுக்குக் கூடுகிற பத்து ரூபாய் என்பது மாதத்தில் எத்தனை கிலோ அரிசி என்று அவருக்குத்தான் தெரியும். கட்டணம் ஏறினால் அவர் ரயிலை விட்டுவிட்டு, மகளிர் கட்டணமில்லாப் பேருந்துக்குப் போய்விடுவார். ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருப்பார். புள்ளிவிவரத்தில் அது ஒரு பயணி குறைந்ததாக மட்டுமே பதியும்.

இன்னொரு ஐயமும் உண்டு. மெட்ரோ நிறுவனம் என்பது மத்திய, மாநில அரசுகள் சமபங்கு வைத்திருக்கும் நிறுவனம். அது ஒரு ஜில்லா போர்டு அன்று. அலுவலகம் நந்தனத்தில் இருப்பதாலேயே அது தரமணிக்கு அருகில் வந்துவிடாது. அதே சமயம், தூரத்தில் இருப்பவர் எல்லோரும் கேளாச் செவியர் என்பதும் இல்லை. எங்கள் ஜில்லா போர்டு அருகிலேயே இருந்தது. ஆனால் பண்ணையாள் அதன் படியேறிக் கேட்டதாகக் கதைகூட இல்லை. அருகாமை ஒரு வசதி, அவ்வளவே. கேட்கிறவருக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை எழுத்தில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஆகவே இக்கைமாற்றத்தைப் பற்றி எங்களுடைய எண்ணம் இதுதான். சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, பணியாளர் எவர் பக்கம் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதுவார்கள், எழுதத்தான் வேண்டும். அதனோடு சீசன் டிக்கெட் என்னவாகும் என்றும், நிலையத்தில் யார் நிற்பார் என்றும், கட்டணம் ஏறுமானால் எவரைக் கேட்டு ஏறும் என்றும் எழுதவேண்டும். எழுதியதைத் தரமணி நிலையத்தின் சுவரில் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டவேண்டும். எங்கள் ஊர்ப் பாதை கைமாறியபோது எவரும் இதை எழுதி வைக்காததன் விலையைத்தான் 2012 முதல் நாங்கள் கொடுத்தோம்.

சென்ற மாதம் அந்த அம்மாவை மறுபடி கண்டோம். சுருக்குப்பையிலிருந்து புதிய சீசனை எடுத்துக் காட்டினார்.

“இந்த மாசத்துக்குச் செல்லும்னு கவுண்டர்ல சொன்னாங்கப்பா. அடுத்த மாசம் வந்து கேளுன்னாங்க.”

“அப்போ போய்க் கேளுங்கம்மா” என்றோம்.

“கேக்காம?” என்று சொல்லிவிட்டு மந்தைவெளியில் இறங்கிப் போனார்.